செயற்கைக்கோளில் விழாத சுள்ளிக்கட்டு

போன வாரம், பதுளை ரயில் நிலையத்தில் என் வருங்காலக் கணவர் தவறான பெட்டியில் ஏறிய கதையை எழுதியிருந்தேன். படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் காது சூடாகிறது.

எண்பதுகளின் தொடக்கம். பதுளை நகரில் ஒரு மண்டபம். காலை வேளை. சன்னல்களை எல்லாம் திறந்து வைத்தும் காற்று உள்ளே வரவில்லை. முன்வரிசையில் தோட்டத்துரைமார், அவர்களுக்குப் பின்னால் பல திணைக்களங்களின் அதிகாரிகள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தட்டு, தட்டில் தேநீரும் கேக் துண்டும். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த எங்கள் ஊவா மலைகளின் படம்.

எங்கள் அலுவலகத்தின் பெரிய அதிகாரி கையில் ஒரு நீளப் பிரம்பு. அது படத்தின் மேல் ஊர்ந்து போய், லுணுகலைப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டில் நின்றது.

“இந்த இடத்தைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன்னால் அடர்ந்த காடு. இப்போது மொட்டை. மழை குறைந்ததற்கும் ஊற்று வற்றியதற்கும் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். விறகுத் திருட்டு. தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளில் குடியிருக்கிற சனங்களின் வேலை. போன வாரமும் மூன்று பெண்களைக் கத்தியோடு பிடித்திருக்கிறார்கள்.”

முன்வரிசையில் யாரோ ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர் கேக் துண்டோடு குலுங்கிச் சிரித்தார்.

நான் பின்சுவர் ஓரமாக, வரைபடச் சுருள்களைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிடிபட்ட மூன்று பெண்களில் ஒருத்தி என் அத்தை.

சிவப்பு மலை

நான் அங்கே எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஸ்பிரிங்வெளித் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுப்பவர். வேதக்காரக் குடும்பம் என்பதால் பாதிரியார் ஒருவரின் தயவில் எனக்குப் பதுளையில் படிக்கக் கிடைத்தது. படிப்பு சுமார்தான். ஆனால் கோடு இழுத்தால் நேராக வரும். அந்தக் கைதான் எனக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிற தற்காலிக வேலையை வாங்கிக் கொடுத்தது. சிங்களமும் தமிழும் இங்கிலீசும் கொஞ்சம் கொஞ்சம் வரும் என்பதும் ஒரு காரணம்.

ஒருநாள் கொழும்பிலிருந்து தகரக் குழாய் ஒன்று வந்தது. அதற்குள் சுருட்டி வைத்த படங்கள். மேசையில் விரித்து நான்கு மூலையிலும் மைப்புட்டி வைத்தோம். எனக்குப் பகீரென்றது. மலை முழுவதும் இரத்தச் சிவப்பு.

“பயப்படாதே சலோமி,” என்றார் சோமபால சேர். வெளிநாட்டில் போய் இந்தப் படங்களை வாசிக்கப் படித்துவிட்டு வந்த இளைஞர். எங்கள் ஆய்வுக்கு அவர்தான் பொறுப்பு. எல்லாவற்றையும் சிங்களத்தில் நிதானமாக விளக்குவார். “மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை இந்தக் கருவி பார்க்கிறது. செடி பச்சையாக, உயிரோடு இருந்தால் இதில் சிவப்பாக விழும். காடு என்றால் கடும் சிவப்பு. நல்ல தேயிலை என்றால் ரோஜா நிறம். வாடினால் மங்கும். ஒன்றுமே இல்லாத வெறும் மண் என்றால் வெள்ளை.”

படங்கள் இரண்டு. ஒன்று எழுபதுகளின் தொடக்கத்தில் எடுத்தது. மற்றது அப்போதுதான் எடுத்தது. கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கைப் போட்டு, இரண்டின் மேலும் மெல்லிய தாளை வைத்து, காடு எதுவரை, தேயிலை எதுவரை என்று நான் எல்லை இழுக்க வேண்டும். பிறகு ஒரு தாளை மற்றதன் மேல் வைத்தால் இடையில் நடந்தது தெரிந்துவிடும்.

மழை மாறிக்கொண்டு வருகிறது, அதனால் இந்தச் சரிவுகளுக்கு என்ன ஆகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. காலநிலை மாற்றம் என்ற சொல் இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று எனக்கு அது புதிது. “பூமியே சூடாகிக்கொண்டு வருகிறது என்று சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்,” என்று சோமபால சேர் சொன்னபோது, ஏதோ கதை சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவின் மழைமானி

ஆனால் மழை மாறியது கதையில்லை. அது எனக்கே தெரியும்.

டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு செப்பு மழைமானி இருந்தது. காலையில் மருந்துக்கு ஆள் சேருவதற்கு முன் அப்பா அதைத் தூக்கி, விழுந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். நாங்கள் பிள்ளைகள் சுற்றி நிற்போம். மார்கழி வந்துவிட்டால் குவளை நிறைந்து, மறுபடி ஊற்றி, மறுபடியும் நிறையும். “இன்னைக்கு மேகம் தாராளமா குடுத்திருக்கு,” என்று தானே கொடுத்ததுபோல் சொல்லுவார்.

எங்கள் ஊவாவில் ஆடியை ஒட்டி வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றில்தான் எங்கள் தேயிலைக்கு உலகம் மெச்சுகிற வாசம் ஏறுகிறது. அதைத் துரைமார் கொண்டாடுவார்கள். நாங்களும் பொறுத்துக்கொள்வோம், ஐப்பசியில் மழை வந்துவிடும் என்று தெரியும் அல்லவா? எழுபதுகளின் கடைசியில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. காற்று நின்றும் மழை வராத வருடங்கள் வந்தன. வந்தால் ஒரே மூச்சில் கொட்டி, மண்ணை அள்ளிக்கொண்டு போனது.

அந்தப் பெரிய வறட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தேயிலைச் செடி நின்ற நிலையில் கருகியது. கொழுந்து இல்லாததால் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்குப் பதிவேட்டில் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை.

இதில் ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் எங்கள் மலைக்கு மேலாக அடிக்கடி போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் மலை எப்போதும் மேகத்துக்குள் இருந்ததால் படம் சரியாக விழாது. நாங்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வருடத்தில்தான், ஒரு துண்டு மேகம்கூட இல்லாமல், படம் துல்லியமாக விழுந்தது. “அற்புதமான படம்,” என்று கொழும்பில் பாராட்டினார்களாம்.

ஞானம்மா அத்தை

படத்தில் பார்த்ததை நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது சோமபால சேரின் பிடிவாதம். “அறைக்குள் இருந்து எழுதினால் அது சோதிடம்,” என்பார். லுணுகலைப் பக்கத்து வெள்ளைத் திட்டு அவர் கண்ணை உறுத்தியது. அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். “எனக்கு அங்கே வழி தெரியும், அப்பாவின் தங்கை இருக்கிறார்,” என்றேன். பசறை வழியாக ஜீப்பில் போனோம்.

ஞானம்மா அத்தைக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. மாமா, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தன் அண்ணனைக் கப்பலேற்றிவிட்டு வந்து, அந்த ஏக்கத்திலேயே படுத்து இறந்துபோனார். அத்தை இரண்டு பெண் பிள்ளைகளோடு மேல் லயத்தில் தனியாக இருந்தாள்.

சோமபால சேர் லயத்து வாசலில் படத்தை விரித்தார். அத்தை இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தாள்.

“இதுல எங்க லயம் எங்க இருக்கு?”

நான் சேரிடம் கேட்டுச் சொன்னேன்: “லயம் தெரியாது அத்தே. இந்தப் படத்துல ஒரு புள்ளியே பெரிய மைதான அகலம். லயம் அதுக்குள்ள அடங்கிப் போயிரும்.”

“நூறு வருசமா இருக்கோம். ஒரு புள்ளிக்குக்கூட வரமாட்டோமா?”

சோமபால சேருக்கு ஓரளவு தமிழ் புரியும். முகம் சிவந்து, “அது கருவியின் குறை” என்றார்.

அத்தை எங்களைப் பீலிக்குக் கூட்டிப்போனாள். ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற தகரக் குழாய்தான் பீலி. ஒரு காலத்தில் அதன் கீழே நின்றால் தலை வலிக்கும். இப்போது சொட்டுச் சொட்டாக விழுந்தது. குடங்கள் வரிசையாக நின்றன, குடத்துக்குச் சொந்தக்காரிகள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“மழை இல்ல, சரி. ஆனா முன்னயும் மழை தப்புன வருசம் உண்டு. பீலி நிக்காது. மேல காடு இருந்துச்சு,” என்றாள் அத்தை. “அதப் போய்ப் பாருங்க.”

மேலே ஏறினோம். மலையுச்சியில் காடு இருந்த இடத்தில் அடிமரங்கள் மட்டும் நின்றன. மட்டமாக, இயந்திர வாளால் அறுத்த அடிமரங்கள். லொறி ஏறுவதற்காக வெட்டிய மண்பாதை சிவந்து கிடந்தது. மரம் எல்லாம் நிர்வாகத்தின் உத்தரவோடு, ஒப்பந்தக்காரர் ஒருவரின் லொறிகளில், பகலில், ஊர் பார்க்கப் போயிருக்கிறது. பாதிக்காடு முடிந்திருந்தது. மறுபாதி பக்கத்துச் சரிவில் அடர்த்தியாக நின்றது.

சோமபால சேர் நின்று நிதானமாகப் பார்த்தார். “சலோமி, படத்தில் இந்த வெட்டின் ஓரம் நேராக இருந்தது. கவனித்தாயா?”

“கவனித்தேன் சேர். நான்தானே இழுத்தேன்.”

“காடு தானாகக் காய்ந்து செத்தால் ஓரம் நேராக இருக்காது. விறகுக்காக அங்கங்கே வெட்டினாலும் இருக்காது.” அவர் ஓர் அடிமரத்தின் மேல் உட்கார்ந்தார். “மழை குறைகிறது. அது உலகத்தின் பிரச்சினை. ஆனால் குறைகிற மழையைப் பிடித்து வைத்திருந்த இடத்தை வெட்டியது உலகம் இல்லை. இரண்டையும் எழுதுவேன்.”

எழுதவும் செய்தார். அவர் எழுதியதைத் தட்டச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு வாசித்துக் காட்டினார். நேர்மையாக இருந்தது.

திருத்தம்

ஆய்வறிக்கை பெரிய அதிகாரியின் மேசைக்குப் போனது. திரும்பி வந்தபோது மழை பற்றிய பகுதி அப்படியே இருந்தது. மரம் பற்றிய பகுதி மாறியிருந்தது. ‘தோட்டக் குடியிருப்பாளர்களின் விறகு வெட்டால் அழிந்த காடு’ என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுத வேண்டுமாம். எழுத வேண்டியவள் நான்.

“இது பொய் சேர்,” என்றேன்.

சோமபால சேர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “எனக்குத் தெரியும். சண்டை போட்டேன். தோட்டங்களை அரசுடைமை ஆக்கிய பிறகு தோட்டமும் அரசாங்கம், நாமும் அரசாங்கம், ஒரு கை மற்றக் கையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறார்.”

“லயத்துச் சனத்தைக் காட்டிக்கொடுக்கலாமா?”

அவர் படத்தைச் சுருட்டித் தகரக் குழாய்க்குள் வைத்தார். அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. வேறொருவர் எழுதினார்.

எனக்குக் கோபம் எங்கே என்றால், சனங்களில் பாதிப்பேருக்கு இந்த நாட்டில் குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை. கூட்டத்துக்கு அழைப்பு இல்லை. படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பழி சுமத்த மட்டும் ஆள் வேண்டுமென்றால் உடனே கண்ணில் தெரிகிறார்கள்!

விறகுக் கதையும் கேளுங்கள். லயத்தில் அடுப்பெரிப்பது மிலாறில். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சிதான் மிலாறு. வறட்சியில் கவ்வாத்தை நிறுத்திவிட்டார்கள். மிலாறு இல்லை. மண்ணெண்ணெய்க்கு வழியில்லை. சோறு எப்படி வேகும்? ஒப்பந்தக்காரர் மரத்தை ஏற்றிக்கொண்டு போன பிறகு அங்கே கழித்துப் போட்டிருந்த காய்ந்த சுள்ளியைப் பெண்கள் பொறுக்கப் போனார்கள். அறிக்கை வந்த கையோடு நிர்வாகம் மேலே காவல் போட்டது. அத்தையும் இன்னும் இருவரும் சுள்ளிக்கட்டோடு பிடிபட்டார்கள். இடுப்பில் கவ்வாத்துக் கத்தி. அது போதாதா? காட்டை அழித்ததாக வழக்கு. ஒரு பகல் முழுவதும் பொலிஸில் உட்கார வைத்துப் பிணையில் விட்டார்கள். அதோடு, நீரூற்றுக்கு ஆபத்து என்று காரணம் காட்டி, மேல் லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

மண்டபத்தில்

இப்போது அந்த மண்டபத்துக்கு வருகிறேன். பிரம்பு வெள்ளைத் திட்டில் நிற்கிறது. கேக் துண்டு குலுங்குகிறது.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கால் நடந்தது. முன்னால் போய், கையில் இருந்த பழைய எல்லைத்தாளைப் படத்தின் மேல் வைத்துப் பிடித்தேன். பழைய காட்டின் எல்லை வளைந்து நெளிந்து போனது. புதிய வெட்டு அதற்குள்ளே அளவுகோல் வைத்ததுபோல் நேராக நின்றது.

“மன்னிக்க வேண்டும் ஐயாமாரே,” என்று சிங்களத்தில் தொடங்கினேன். “நான் அங்கே போய்ப் பார்த்தேன். சுள்ளி பொறுக்கும் பெண்கள் நூல் பிடித்துக் காடு வெட்டுவார்களா? அடிமரம் ஒவ்வொன்றும் மேசை அகலம். அதைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டினார்களா? வெட்டித் தலையில் சுமந்து கொண்டு போனார்களா?”

பெரிய அதிகாரி பிரம்பைக் கீழே இறக்கினார். கோபப்படவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“மிஸ், உங்கள் வேலை கோடு இழுப்பது. கோட்டுக்கு அர்த்தம் சொல்வது எங்கள் வேலை.”

“கோடு நேராக இருக்கிறது சேர். அதுதான் அர்த்தம்.”

“உங்களுக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இல்லையா?”

“இருக்கிறார்கள். அதனால் கோடு வளைந்துவிடுமா?”

நான் சோமபால சேரைப் பார்த்தேன். அவர் இரண்டாம் வரிசையில் தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. துரைமார் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்தது.

அடுத்த வாரம் என் தற்காலிக வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. “சத்தமா பேசுனியா?” என்று மட்டும் கேட்டார். “ஆமாப்பா.” “சரி, சாப்பிடு,” என்றார்.

கோட்டில்

கோடு என்று நாங்கள் சொல்கிற நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. எங்கள் சபைக்காரர் ஒருவரின் சிநேகிதரான ஒரு தமிழ் வக்கீல் எங்களுக்காக நின்றார். அந்தப் படத்தையும், ஆய்வுக்குப் பொறுப்பானவரையும் கோட்டுக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டார். நான் நம்பிக்கை வைக்கவில்லை. மண்டபத்தில் நிமிராத தலை கோட்டில் நிமிருமா?

முதலில் ஹனீபா நானா கூண்டில் ஏறினார். லுணுகலைக் கடைத்தெருவில் பலசரக்கும் தேநீரும் விற்கிறவர். தோட்டத்துரைக்கும் சாமான் போவது அவர் கடையிலிருந்துதான். “நானா, உங்க வியாபாரத்துக்குப் பிரச்சினை வரும்,” என்று நானே சொல்லியிருந்தேன். “ஊரறியப் போன லொறி புள்ள. நான் பார்க்கல்லேன்னு சொன்னா அல்லாஹ் கேட்கமாட்டானா?” என்றார். மரம் ஏற்றிய லொறிகள் தினமும் தன் கடை வாசலில் நின்றதையும், சாரதிகள் தேநீர் குடித்ததையும் கோட்டில் அப்படியே சொன்னார். அடுத்த மாதமே தோட்டத்துக் கொள்வனவு வேறு கடைக்குப் போனது.

பிறகு சோமபால சேர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி. கைகள் கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்தன.

“இந்த அறிக்கையில் விறகு வெட்டு என்று இருக்கிறது. நீங்கள் எழுதியதா?” என்று வக்கீல் கேட்டார்.

“கையெழுத்து என்னுடையது. அந்த வாக்கியம் என்னுடையது அல்ல.”

“உங்கள் கருத்து என்ன?”

அவர் நீதவானைப் பார்த்துச் சொன்னார்: “இந்த வெட்டுக்கு இயந்திர வாளும் லொறியும் வேண்டும். நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். இந்தப் பெண்களால் இதைச் செய்திருக்க முடியாது. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.”

மூவரும் விடுதலையானார்கள். வெளியே வந்ததும் அத்தை சோமபால சேரிடம் போய்க் கும்பிட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். சில மாதத்தில் அவரை வெகுதூரம் மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நீதி கிடைத்தது என்று நீங்கள் நினைக்கலாம். நில்லுங்கள். மரம் வெட்டியவர் மேல் வழக்கு வந்ததா? இல்லை. வரைபடத்தின் ஓரத்து வாக்கியம் திருத்தப்பட்டதா? இல்லை. மேல் லயத்துச் சனம் திரும்பிப் போனதா? அதுவும் இல்லை. கீழ் லயத்தில், ஏற்கெனவே ஆள் நிறைந்த ஒற்றை அறைக் காம்பராக்களில், குடும்பத்தோடு குடும்பமாகத் திணித்தார்கள். அத்தையும் பிள்ளைகளும் ஒரு சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம், இன்னொரு குடும்பம் அந்தப் பக்கம். ‘குற்றம் செய்யவில்லை’ என்று கோடு சொன்ன பிறகும் தண்டனை நடந்துகொண்டுதான் இருந்தது.

லொறி திரும்பிய நாள்

மழை வந்தது. தேயிலை துளிர்த்தது. நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தேன். விடுமுறைக்கு அத்தையிடம் போயிருந்தபோது அது நடந்தது.

விடியற்காலைப் பெரட்டு. வேலைக்கு ஆள் பிரித்து அனுப்புகிற நேரம். கூடையோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கீழே ரோட்டில் இரைச்சல். ஒன்றன்பின் ஒன்றாக வெறும் லொறிகள் ஏறி வருகின்றன. மறுபாதிக் காட்டுக்கு!

யாரும் யாரிடமும் கலந்து பேசியதை நான் பார்க்கவில்லை. அத்தை வரிசையை விட்டு விலகி நடந்தாள். பின்னால் இன்னொருத்தி. பிறகு எல்லோரும். ரோடு திரும்புகிற இடத்தில் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். பனியில் நனைந்த ரோடு சில்லிட்டது. முன்லொறி ஹோர்ன் அடித்தது, உறுமியது, பிறகு அடங்கியது.

தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஞானம்மா, எந்திரி. எல்லாரும் மலைக்குப் போங்க.”

“போறோங்க ஐயா. லொறி கீழ போகட்டும், நாங்க மேல போறோம்.”

“காட்டு விசயம் உங்க வேலை இல்ல.”

“காட்டை நாங்கதான் அழிச்சோம்னு கோட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போனீங்களே. அப்ப மட்டும் எங்க வேலையா இருந்துச்சா?”

பெண்கள் மத்தியில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. சின்னத்துரை பெயர்களை எழுதுவேன் என்றார். “எழுதுங்க. தெளிவா எழுதுங்க,” என்றாள் அத்தை.

கொஞ்ச நேரத்தில் ஆண்களும் வந்தார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்து ஆயாகூடப் பிள்ளைகளோடு வந்து ரோட்டோரம் நின்றாள். அன்று கொழுந்து நிறுக்கிற மடுவம் வெறுமையாகக் கிடந்தது. மறுநாளும் உட்கார்ந்தார்கள். மழைக்குப் பிறகு துளிர்த்த கொழுந்து முற்றிக்கொண்டு வந்தது. தொழிற்சாலையில் புகை இல்லை. அதற்கடுத்த நாள் பெரியதுரை லொறிகளைத் திருப்பி அனுப்பினார். சுற்றுச்சூழல் மேல் வந்த பாசமா? கொழுந்து முற்றினால் நட்டம், அவ்வளவுதான்.

அந்த மறுபாதிக் காடு நின்றது. பீலி பழையபடி கொட்டவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

பண்டாரவளையில் ஒரு கண்காட்சி

சில வருடங்கள் போயின. பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், காலநிலையும் மலைநாடும் என்று ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். என் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவரில் புதிய செயற்கைக்கோள் படம், முன்னதைவிடத் தெளிவாக. சுற்றிலும் தேயிலை மங்கிக் கிடக்க, லுணுகலைப் பக்கத்தில் நகக்கீற்றுப்போல் ஒரு கடும் சிவப்பு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். வறட்சி காலத்திலும் நிலைத்து நிற்கும் இந்தக் காடு, தோட்ட நிர்வாகத்தின் தூரநோக்கினால் பாதுகாக்கப்பட்டதாம்.

நான் மூன்று மொழியிலும் மறுபடி வாசித்தேன். பிள்ளைகள் “டீச்சர், டீச்சர்” என்று கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அன்று பின்னேரமே பஸ் பிடித்து அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையை நிறுத்தினாள்.

“அழிச்சப்ப நாங்க. காத்தப்ப அவுங்களா?”

“ஆமா அத்தே. அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

“படம் மேல இருந்து புடிக்கிறாங்க, சரி. எழுதுறது எங்க இருந்து எழுதுறாங்க?” கையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போ.”

மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். படத்தைக் காவல் காத்த இளைஞர், “தொட வேண்டாம் அம்மா,” என்றார். “தொடல தம்பி, நிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு அத்தை அதன் முன்னால் நின்றாள். நான் எழுத்தை மாற்றச் சொல்லிப் பொறுப்பாளரிடம் போய் வாதாடினேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். கண்காட்சி முடியும்வரை மேலிடம் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் அத்தையைச் சுற்றி ஒரு சிறு கூட்டம். பள்ளிப் பிள்ளைகள், கடைத்தெருவிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர், தலையில் முக்காடிட்ட ஒரு தாய். அத்தை எழுத்தின் மேல் முதுகைக் கொடுத்து மறைத்துக்கொண்டு நின்றாள். வாசிக்க வந்தவர்கள் அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சின்னப்பெண் அண்ணாந்து கேட்டாள்: “இது மட்டும் ஏன் இவ்வளவு சிவப்பா இருக்கு?”

“இதா?” என்றாள் அத்தை. “இது நாங்க ரோட்டுல குந்துனது.”